ஸ்பானிஷில் காத்திருப்பது

நானும் அவளும் நர்சிங் ஒன்றாகப் படித்தவர்கள். சொந்த ஊரான அருமனையில் ஒரே தெரு, ஒரே சபை. ஸ்பெயினில் முதியோர் இல்லத்து வேலை இருக்கிறது, ஸ்பானிஷ் பேசத் தெரிய வேண்டும் என்று ஏஜெண்ட் சொன்னதும், போனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் என்று முடிவு செய்தோம். அப்படிச் சொன்னது நானல்ல, அவள். தனியாகக் கிடந்து அழ அவளால் முடியாதாம்.

ஆன்லைன் வகுப்பில் எல்லாம் ஓரளவு வந்தது, ஒன்றைத் தவிர. இன்னொருவர் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று முன்பு ஆசைப்பட்டோம், செய்துவிடுவாரோ என்று பயந்தோம் என்றால், அந்தச் செயலுக்கு ஸ்பானிஷ்காரர்கள் தனியாக ஒரு வினை வடிவம் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அவளுக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து ரப்பர் தோட்டத்து வழியே வரும்போது நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"ஏட்டி, எஸ்பெரார்னா காத்திருக்கது. அவங்க காத்திருந்தாங்கன்னா எஸ்பெராரோன். அதுல கடைசி ரோன வெட்டிக் களை. ரா போடு. நான்னா எஸ்பெராரா. நீன்னா எஸ்பெராராஸ். அவன்னா திரும்பவும் எஸ்பெராரா. நாமன்னா எஸ்பெராராமோஸ். அவங்கன்னா எஸ்பெராரான்."

"எழவு, இது என்னத்துக்கு மக்கா?"

"நீ எனக்காகக் காத்திருக்கணும்னு ஆசப்பட்டேன்னு சொல்லணும்லா? கெரீயா கே மே எஸ்பெராராஸ்."

வீடுவரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். எதிரே வந்த ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் இன்டர்வியூ தள்ளிப்போய்விட்டது என்றாள். ஏஜெண்டிடம் எப்போதும் அவள்தான் பேசுவாள். நம்பினேன். அடுத்த பேட்சில் ஒன்றாகப் போகலாம் என்று பாடத்தை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன், மடச்சி.

எங்கள் சபையில் வெளிநாடு போகிறவர்களுக்காகப் போதகர் ஞாயிறு ஆராதனையில் ஜெபிப்பது வழக்கம். வீட்டார் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். அந்த ஞாயிறு அவள் என் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். "இந்த வாரம் ஸ்பெயின் தேசத்துக்கு வேலைக்குப் போகிற மகளை வழிநடத்தும், ஆண்டவரே" என்றார் போதகர். சபையோடு நானும் ஆமென் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கண்ணைத் திறந்தேன். அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். என்னிடம் மறைத்தது அவள் அம்மாவுக்குத் தெரியாது, பாவம். ஜெபம் பண்ணாமல் மகளை விமானம் ஏற்ற அந்த அம்மாவுக்கு மனசு வருமா?

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஒரு எடந்தான் இருந்துது மக்கா. சொன்னா நீ வெசனப்படுவேன்னுதான்..."

துரோகத்துக்குக்கூட என் மேல் அக்கறையாம்.

"இன்டர்வியூல என்ன கேட்டாவ?"

தலையைக் குனிந்துகொண்டாள். "நீ சொல்லித்தந்ததுதான்."

"கெரீயா கே மே எஸ்பெராராஸ்" என்றேன்.

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்திருந்தது. அந்த அளவுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.