கண்ணாடிக்காரரின் காலித் தொட்டி

மீன் கடையின் மூன்றாவது தொட்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறார் கண்ணாடிக்காரர். இடது கையில் கடிகாரம், வலது கையில் பென்சில், முழங்காலில் நோட்டு. ஒரு மீன் இன்னொன்றைத் துரத்தும்போதெல்லாம் ஒரு கோடு போடுகிறார். "அஞ்சு நிமிஷத்துல நாலு தடவை. இந்தச் சிவப்பு சரியான அடாவடிப் பேர்வழி" என்கிறார், இன்ஸ்பெக்டர் தோரணையில்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அந்தப் பெயர். வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை. மூன்று மாதமாக எல்லா வியாழனும் இங்கேதான். வாங்கிய மீன் ஒன்றுகூட இல்லை. வீட்டுக் கூடத்தில் இரண்டரை அடித் தொட்டி மணல், செடி, ஓயாமல் குமிழி விடும் மோட்டார் சகிதம் தயாராக இருக்கிறது. குடியிருக்கத்தான் ஆளில்லை. வந்த விருந்தாளி ஒருவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தன் பார்வையில்தான் கோளாறு என்று மறுநாள் கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டார். உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு, இலவசமாகப் பரிசோதித்து அனுப்பினார் நம்மவர்.

இந்த ஜாக்கிரதை சும்மா வரவில்லை. அதற்கு முன், முதல் முறை வாங்கியபோது அழகில் மயங்கி, நீளத் துடுப்பு ஏஞ்சல் மீன் ஒன்றையும் வரி போட்ட டைகர் பார்ப் மூன்றையும் ஒன்றாக விட்டார். நீளமாகத் தொங்கும் துடுப்பைக் கண்டால் பார்ப்களுக்கு வாய் சும்மா இருக்காது. இரண்டே நாளில் ஏஞ்சல் கந்தலாகி மூலையில் ஒதுங்கியது. நாலாம் நாள் மிதந்தது. பார்ப்களைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தார். அன்றைக்குக் கண் ஏன் சிவந்திருந்தது என்று கேட்டால், "வெங்காயம் நறுக்கினேன்" என்பார். அவர் வெங்காயம் நறுக்கி மனைவி பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம்தான் நோட்டு. கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணீர், மற்றவற்றுக்கு வெதுவெதுப்பு; அதன் பெயரை அடித்துவிட்டார். ஆண் ஃபைட்டர் மீன் தன் நிழலோடுகூட மல்லுக்கு நிற்கும், அதையும் அடித்துவிட்டார். மாதாமாதம் குட்டி போடும் கப்பிக்கு எதிரே, 'குடும்பக் கட்டுப்பாடு கிடையாது' என்று குறிப்பு.

இந்த வியாழன் மனைவியும் கூட வந்தாள்.

"ஜீப்ரா மீன் எட்டு, கோரி மீன் ஆறு. அது மேல ஓடும், இது அடியில மேயும். ஒண்ணு வழிக்கு ஒண்ணு போகாது" என்றார் மீன் கடைக்கார அம்மா, நூறாவது தடவையாக.

"ஜீப்ராவுக்கும் வரி இருக்கே!" என்றார் கண்ணாடிக்காரர்.

"வரி இருந்தா ரவுடியா சார்?"

"சண்டையே வராதுன்னு எழுதித் தர முடியுமா?"

"எங்க வீட்டுல மூணே பேரு. அதுக்கே என்னால எழுதித் தர முடியல."

மனைவி நோட்டைப் பிடுங்கி மூடினாள். "என்னைக் கட்டிக்கலாமான்னு முடிவு பண்ண எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டீங்க?"

"பத்து நிமிஷம்."

"எத்தனை கோடு போட்டீங்க?"

"அப்ப நோட்டு இல்லையே..."

கடைக்கார அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பையில் தண்ணீர் பிடிக்கப் போனார்.

வீட்டில் மீன் பைகளை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். கோரிகள் மணலில் மூக்கை நுழைத்துச் சொந்த வேலையைப் பார்க்கப் போய்விட்டன. ஜீப்ராக்கள் செடிக்குப் பின்னால் பதுங்கின. சற்றுப் பொறுத்து ஒன்று வெளியே வந்தது; இன்னொன்று அதன்மேல் பாய்ந்தது. மறுபடியும் பாய்ந்தது.

கண்ணாடிக்காரர் வெளிறிப்போய், கைவலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏங்க, விளையாடுதுங்க. விடுங்க."

"அந்த ஏஞ்சலைத் துரத்தினப்பவும் இப்படித்தான் விளையாடுதுன்னு நெனச்சேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். துரத்திய மீன் சட்டென்று திரும்பி ஓட, ஓடிய மீன் இப்போது அதைத் துரத்தியது. எந்தத் துடுப்பும் கிழியவில்லை. கொஞ்ச நேரத்தில் எட்டும் ஒன்றாகக் கூடி, நேரே அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்றன.

கண்ணாடிக்காரர் அவசரமாக வலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.