வேகமாக வாசித்த சம்மதம்

மால்சுன் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். தெற்குக் கடற்கரையில் ஹேனாம் பக்கம் கடற்பாசி காயவைத்து வளர்ந்தவள். கடல்காற்றுக்கு மேலே கத்தத் தெரியும், ஆனால் கோபத்தில் மட்டும் கத்த மாட்டாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கில் என்ற மனிதரின் முகம்தான். அவர் அப்படித்தான், அடுத்தவள் கதையிலும் முந்திக்கொண்டு வந்து நிற்பார்.

கில் எங்கள் மேலாளர். இஞ்சோன் நகரில், புப்யோங் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில், தொலைபேசியில் மருத்துவக் காப்பீடு விற்கும் நிலையத்தை நடத்தினார். முழங்கை முழங்கையில் இடிக்கும்படி மேசைகளை நெருக்கிப் போட்டிருப்பார். அந்த இடத்தை நாங்கள் கோழிக்கூண்டு என்போம். ஊருக்கெல்லாம் நோய்க்குக் காப்பீடு விற்ற எங்களில் ஒருத்திக்குக்கூடச் சம்பளத்தோடு ஒரு நாள் படுக்கக் கொடுத்து வைக்கவில்லை.

சேர்ந்த அன்றே அவர் மால்சுன் அக்காவின் பெயரை எடுத்துவிட்டார். மால்சுன் என்று சொன்னால் கீரை விற்கிறவள் என்று நினைத்துப் போனை வைத்துவிடுவார்கள் என்றார். அன்றிலிருந்து அவள் யூரி. பிறகு குரலையும் எடுத்தார். சரிகமப என்று ஏறும் சுரங்களில் ஐந்தாவதை எங்கள் பக்கம் ‘சோல்’ என்போம். எல்லோரும் அந்தச் சுரத்தில்தான் பேச வேண்டும், சிரிப்போடு பேச வேண்டும். எடுத்ததும் “உங்களை நேசிக்கிறோம், வாடிக்கையாளரே” என்று சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் அந்த மாடியில் எண்பது பெண்களுக்கும் ஒரே குரல். சொந்தத் தாயே போனில் கேட்டாலும் மகளைக் கண்டுபிடிக்க மாட்டாள்.

கில் கற்றுக்கொடுத்த பெரிய வித்தை வேறு. காப்பீடு விற்றதும் சம்மத வாசகத்தைப் படித்துக் காட்ட வேண்டும், கேட்பவர் “சரி” என்று சொன்னது பதிவாக வேண்டும். அதைச் சோல் சுரத்தில், மூச்சு விடாமல், இனிமையாகப் படி என்பார். யாரும் கேட்க மாட்டார்கள், மரியாதைக்குச் “சரிங்க, சரிங்க” என்று சொல்லிவிடுவார்கள் என்பார். உண்மைதான். எதிரில் ஒரு பெண் இனிமையாகப் படித்துக்கொண்டே போனால் குறுக்கே பேசாமல் தலையாட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம், போனில்கூடத் தலையாட்டுவோம். கில் அந்தப் பழக்கத்தை விற்றே கார் வாங்கினார்.

தொற்றுநோய் வந்த வருஷம் அரசாங்கம் முதலாளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. மேசைகளைத் தள்ளிப் போடு, உடம்பு சரியில்லாதவர்களை மூன்று நான்கு நாள் வீட்டில் இருக்கச் சொல், அதற்காக அவர்களைத் தண்டிக்காதே, ஆட்களை வேலையைவிட்டு அனுப்பாமல் வைத்திரு. கில் அதை அழகாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார், நீல நிறச் சட்டம். அதற்குப் பக்கத்திலேயே வருகைப் பலகை. ஒருத்தி லீவு எடுத்தால் அவளுடைய குழு முழுவதற்கும் அந்த மாத ஊக்கத்தொகை போய்விடும். ஆகவே அவர் யாரையும் தடுக்க வேண்டியிருக்கவில்லை, நாங்களே ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டோம். சாத்தான் வேதம் ஓதினதை ஏட்டில் படிக்கலாம், நாங்கள் சுவரில் படித்தோம்.

எங்கள் குழுவில் கும்ரான் என்று ஒருத்தி. ஒல்லியானவள், மதியம் கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிக் கிம்பாப் கொண்டுவந்தால் பாதியை மால்சுன் அக்காவின் டப்பாவில் போடாமல் சாப்பிட மாட்டாள். மாதக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மால்சுன் அக்காதான் கையைப் பிடித்து அவளைக் கில்லின் அறைக்கு அழைத்துப் போனாள். கில் ஏறிட்டும் பார்க்காமல் கணக்கு முடியட்டும், முகக்கவசத்தை இரண்டாகப் போட்டுக்கொள் என்றார். கும்ரான் திரும்பி வந்து உட்கார்ந்தாள். இருமல் வரும்போதெல்லாம் ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு இருமி, மறுபடி சோல் சுரத்தில் சிரித்தாள்.

பிறகு மாடி முழுக்கப் படுத்தோம். நாங்கள் எழுந்துவிட்டோம், கும்ரான் எழவில்லை. பிழைத்தாள், அவ்வளவுதான். நுரையீரல் சுருங்கிப்போய், மூக்கில் குழாயோடு வீடு வந்தாள். அக்கம்பக்கத்தில் அவள் பெயர் ‘பரப்பினவள்’.

வேலையிடத்தில் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டால் சிகிச்சையும் மாதாமாதம் ஒரு தொகையும் கிடைக்கும். கும்ரான் மனு போட்டாள். அதிகாரிகள் கருத்துக் கேட்டபோது கில் எழுதிக் கொடுத்தார்: அந்தப் பெண் காய்ச்சலைச் சொல்லவேயில்லை, தேவாலயத்திலிருந்து கொண்டுவந்து எங்களுக்கும் கொடுத்தாள். கும்ரான் தேவாலயப் படியே மிதித்தவள் இல்லை. மால்சுன் அக்கா, பெயர் வெளியே தெரியாமல், முன்னாள் ஊழியராகச் சாட்சி சொன்னாள். வேலையைவிட்டுப் போனவள், வன்மத்தில் சொல்கிறாள் என்று கில் ஒதுக்கினார். வன்மம் இருந்தது உண்மை, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அவருடைய மூச்சும் ஒரு நாள் அடைக்க வேண்டும் என்று நானே பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டியிருக்கிறேன்.

இதற்குள் நானும் மால்சுன் அக்காவும் வேறு வேலைக்குப் போயிருந்தோம். நோய்க்காலத்தில் முதலாளிகளுக்கு வழிசொல்லும் அரசு உதவி எண். ஆட்களைக் கைவிடாமல் சம்பளத்தோடு வீட்டில் வைத்திருக்கும் முதலாளிக்கு அரசாங்கம் அந்தச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தந்தது. அதை எப்படிக் கேட்பது, எந்த ஊழியரை எப்போது வீட்டுக்கு அனுப்புவது, எல்லாம் நாங்கள் சொல்ல வேண்டும். இங்கே அவளுக்குச் சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. குரல்தான் திரும்பவில்லை, பழக்கதோஷம்.

இலையுதிர்காலத்தில் ஒரு பிற்பகல். அக்கா வழக்கம்போல, குடும்பப் பெயரோடு, ஆலோசகர் பியோ மால்சுன் பேசுகிறேன் என்றாள். அடுத்த கணம் அவள் கை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் முழங்காலை நகம் பதியப் பிடித்தது. திரையில் எங்கள் பழைய நிலையத்தின் பெயர். பேசியது கில். அவள் காதுக்கருவியிலிருந்து அவர் குரல் எனக்கும் கேட்டது.

அவருக்கு அவளைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த முதல் நாளுக்குப் பிறகு யூரி என்று கூப்பிட்டாரே தவிர மால்சுன் என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அந்தக் குரலோ அவரே வார்த்த எண்பதில் ஒன்று.

பாதிப் பேர் ஓடிவிட்டார்கள், மீதிப் பேரைப் பிடித்துவைக்க அந்த உதவித்தொகை உடனே வேண்டும் என்றார். அக்கா விதிப்படி கேட்டாள்: அறிகுறி இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினீர்களா? கில் குரலைத் தணித்தார், கூட்டாளியிடம் பேசுகிற மாதிரி.

“அதாம்மா ஒரு சின்னச் சிக்கல். ஒரு பொண்ணு காய்ச்சல்னு வந்து சொன்னா. மாசக் கடைசி, நான்தான் இருந்து முடிச்சுட்டுப் போன்னேன். எழுத்துல ஒண்ணும் கிடையாது. வேற ஆபீசுக்கு அவ சொல்லவே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். அது இதுக்கு இடிக்குமா?”

அக்காவின் நகம் என் முழங்காலில் இன்னும் இறங்கியது. குரல் மட்டும் சோல் சுரத்தைவிட்டு இம்மி நகரவில்லை. “சரியாப் புரிஞ்சுக்கக் கேக்கறேன் வாடிக்கையாளரே. அந்த ஊழியர் முன்னாடியே சொன்னாங்க, நீங்கதான் வேலை பாக்கச் சொன்னீங்க. அப்படித்தானே?”

அப்படித்தான் என்றார் கில்.

உதவித்தொகை அதிகாரி உங்களை உடனே கூப்பிட வேண்டுமானால் ஒரு சம்மதம் வேண்டும் என்றாள் அக்கா. பிறகு படித்தாள். இந்த உரையாடலின் பதிவு, இந்த நிறுவனத்தைப் பற்றிய வேறு மனுக்களை விசாரிக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்பப்படும், நீங்கள் சொன்னவை ஆதாரமாகக் கொள்ளப்படும், இதற்கு உடன்படுகிறீர்களா. எங்கள் புதிய இடத்தில் அதை நிறுத்தி நிதானமாகத்தான் படிக்க வேண்டும். அவள் கில் கற்றுக்கொடுத்த வேகத்தில், கில் கற்றுக்கொடுத்த இனிமையில் படித்தாள். ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை.

“சரிங்க, சரிங்க” என்றார் கில்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எத்தனையோ ஆயிரம் பேரிடம் அந்தச் “சரிங்க”வைப் பிடுங்கித் தின்ற மனிதர், தன்னிடமிருந்து அது போனதை உணரவே இல்லை. அன்று நான் கழிப்பறைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பதிவு போக வேண்டிய இடத்துக்குப் போனது. குளிர் தொடங்கும் முன் கும்ரானின் நோய் வேலையிடத்தில் வந்ததுதான் என்று தீர்ப்பானது. கில்லுக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டது, பொய் எழுதிக் கொடுத்ததற்கு விசாரணையும் வந்தது. தீர்ப்பைக் கேட்டுக் கும்ரான் அழவில்லை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அதைப் படித்துக் காட்டிவிட்டு வந்தாள்.

கில் சும்மா இருக்கவில்லை. ஆலோசகர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று புகார் கொடுத்தார். புகார் வந்தால் தப்பு யாருடையதாக இருந்தாலும் நாங்கள்தான் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கில்லிடம் வேலை பார்த்தபோது, குடித்துவிட்டுத் திட்டியவர்களிடமெல்லாம் அக்கா அப்படிக் கேட்டிருக்கிறாள். எங்கள் குழுத்தலைவி தலையைக் குனிந்துகொண்டு, வேறு வழியில்லை அக்கா, ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றாள். கேட்காவிட்டால் அக்காவின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அக்கா எண்ணை அழுத்தினாள். கில் எடுத்ததுமே கத்த ஆரம்பித்தார். உன் பேர் என்ன, உன் மேலதிகாரி யார், வயதென்ன உனக்கு என்று அவர் கேட்டு முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு பேசினாள். அத்தனை வருஷத்தில் போனில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அடித்தொண்டையிலிருந்து, ஹேனாம் கடற்கரை வாடையோடு வந்தது.

“மால்சுன் பேசுறேன் சார். நீங்க யூரின்னு பேரு வச்சீங்களே, அவதான்.”

அவர் வாயைத் திறக்கும் முன் அக்கா தொடர்ந்தாள்.

“மன்னிப்புக் கேக்கச் சொல்லியிருக்காக. கேக்க மாட்டேன். கும்ரான் ஒரு மாடி ஏற மூணு தடவ உக்காருறா. நீங்க இப்ப கோவத்துல மூச்சு வாங்குறது இங்கன வரைக்கும் கேக்குது. நல்லா கேக்குது சார். அவளுக்கு அந்த மூச்சு இல்ல.”

வாடிக்கையாளர் வைக்கும் முன் நாங்கள் வைக்கக் கூடாது. கில் வைக்கவில்லை. அக்கா காதுக்கருவியைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து, அந்த மனிதர் மூச்சுத் திணறுவதை ஆசைதீரக் கேட்டாள். பிறகு அவளே வைத்தாள்.