லாஸ்பேட்டையில் தராசு வாங்கப் போனது

லாஸ்பேட்டையில், ஆய்வகத் தராசுகள் விற்கும் சிறிய கம்பெனிக்குள் நிற்கிறேன். எங்கள் மருந்து ஆய்வகத்துக்குப் புதுத் தராசு வாங்க மதுரையிலிருந்து வந்திருக்கிறேன். போன மாதம் நின்றுபோன பழைய தராசும் இங்கே செய்ததுதான். கடைசிவரை அது எடை தவறியதில்லை.

உரிமையாளர் சந்திரசேகர் எடைக்கல்லைத் தட்டின் நடுவில் வைக்கிறார். பிறகு ஓரத்துக்கு நகர்த்துகிறார். எங்கே வைத்தாலும் ஒரே எடை காட்ட வேண்டும்; ஆனால் எண் மாறுகிறது. வேறொரு தராசை எடுக்கிறார். அதிலும் மாறுகிறது.

"பழசு இப்படி இல்லையே சார்?"

"அது நாங்க செஞ்சது மேடம். ஒவ்வொண்ணையும் நாள்கணக்கா ஓடவிட்டுப் பாத்துத்தான் அனுப்புவோம். அதுக்காகவே எங்கள தேடி வந்தாங்க. இப்ப எல்லாரும் வெல கம்மியானதத்தான் கேக்கறாங்க. அதான் வெளிய வாங்கி எங்க பேர ஒட்டிக் குடுக்கறோம்."

அப்படி ஓடவிட்டுப் பார்த்த சோதனை அறையில் இப்போது அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன.

"இதுல என்ன எடை போடுவீங்க?" என்கிறார்.

"குழந்தைங்களுக்கான இதய மருந்து."

அவர் தராசை அணைத்து, பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்.

"அப்ப இது வேணாம் மேடம்."

"வேற எங்க சார் வாங்கறது?"

"வெளிநாட்டுது இருக்கு. உங்க ஆபீஸ் குடுக்கற பணத்துக்கு வராது."

நாளை ஆய்வகத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், வெறுங்கையோடு ஆட்டோவில் ஏறுகிறேன்.