எங்களிடம் இல்லாத சுத்தியல்

படூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடுகள் அனைத்திலும் ஒரே கட்டளைதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் நாட்காட்டி எப்போதும் ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது. அவசரத்துக்குச் சுத்தியல் தேவைப்பட்டால் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், "எதுக்கு?" என்ற கேள்விக்கு அம்மா பணிந்து பதில் சொன்ன பிறகே அது கைக்கு வரும்.

கல்லூரி விடுதியொன்றில் துப்புரவுப் பணி செய்தே திருப்போரூருக்கு வெளியே இரண்டு அறை வீடு கட்டி முடித்தாள் அம்மா. குடியேறியதும் அவள் கேட்டது ஒன்றுதான். "நம்ம வூட்டுக்குன்னு மரவேலை சாமான் வாங்கிடலாம்டா. இனிமே எவன் வூட்டுக் கதவையும் தட்ட வேணாம்."

முதல் வேலையும் காத்திருந்தது. மழை ஈரத்தில் வாசற்கதவு உப்பி, தாழ்ப்பாள் நிலைச்சட்டத்தில் உள்ள துளைக்குள் இறங்க மறுத்தது. துளையைச் சற்றே அகலமாக்க வேண்டும்.

பட்டிமன்ற மேடைகளில் கோப்பைகள் வென்றவன் நான். தேவை, தரம், நீடித்த உழைப்பு என்று மூன்று தலைப்புகளில் மனத்துக்குள் ஓர் உரையே தயாரித்துக்கொண்டு அம்மாவோடு ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் இருந்த பெண்மணி அந்த உரைக்கு இடமே தரவில்லை.

"வூட்டுல இன்னா இன்னா கீது, சொல்லு தம்பி. இல்லாதத மட்டும் எடுத்துத் தரேன். சுத்திலாம் கீதுல்ல?"

பக்கத்தில் வேறு இருவர் நின்றிருந்தனர். எங்கள் வீட்டில் ஒரு சுத்தியல்கூட இருந்ததில்லை என்று அவர்கள் காதுபடச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"சில்லறைக் கருவிகள் எல்லாம் தலைமுறை தலைமுறையாகவே இருக்கின்றன," என்றேன்.

"அடேயப்பா! உம் புள்ள நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசறான்க்கா," என்று அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மாவின் கையில் அப்போது மரப்பிடி போட்ட சுத்தியல் ஒன்று இருந்தது. அதன் கனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதைச் சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

உளி, கைரம்பம், இழைப்புளி ஆகியவற்றை நான் ஆராய்ந்து தேர்ந்தெடுத்தேன். ரம்பத்தின் பற்கள் நெருக்கமாக இருப்பதன் நன்மையைக்கூட விளக்கினேன்.

வீட்டுக்கு வந்து உளியை நிலையில் ஊன்றினேன். மறுகை வெறுமையாக இருந்தது. உள்ளங்கையால் குத்திப் பார்த்தேன். மரத்தில் ஒரு கீறல் விழுந்ததே மிச்சம். "இரு, வரேன்," என்று அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனாள். இரு வீடுகளுக்கும் இடையே இன்னும் மதில் எழவில்லை. பேச்சு தெளிவாகக் கேட்டது.

"சுத்தியா? எதுக்கு?" பக்கத்து வீட்டுப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சுவத்துல இல்லக்கா, கதவுலதான். உடனே குடுத்துடறேன்."

"ஐய, அது உன் வூடு! எங்க வேணா அடிச்சிக்கோ, என்னை இன்னா கேக்குற?"

அவர் சிரித்தார். அம்மாவின் சிரிப்பு கேட்கவில்லை. உரிமை என்ற சொல்லை எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறேன்! சொந்த வீட்டின் வாசலில் அவளை மறுபடியும் குடித்தனக்காரியாக்கி அனுப்பிய நான், உளியோடு தலைகுனிந்து நின்றேன்.

தாழ்ப்பாள் அன்றே இறங்கிவிட்டது. அம்மா சுத்தியலை முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் மீண்டும் அதே கடைக்குப் போனோம். சுத்தியல் வேண்டும் என்றதுமே கல்லாப் பெண்மணி பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி, தலைமுறைச் சுத்தி இன்னா ஆச்சு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"புடி ஒடஞ்சி பூட்சும்மா."

எதிரணியின் எந்த வாதத்துக்கும் மறுப்புரை வைத்திருப்பவன், எனக்காக அவள் சொன்ன அந்தப் பொய்யை மறுக்காமல் நின்றேன். முந்தைய நாள் வைத்துவிட்டுப் போன அதே சுத்தியலை அவள் எடுத்துக்கொண்டாள். திரும்பும் பேருந்தில் அதை நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் தரவில்லை, வீடு வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள்.