பி.பி. பெர்னதெத்

பெர்னதெத் ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுக்கிறாள். "யார் வேணும்? பழனிச்சாமி வீடா? வச்சிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க. உடனே கூட்டியார நான் இன்னா மெஷினா?" செருப்பை மாட்டிக்கொண்டு நான்காவது வீட்டுக்கு நடக்கிறாள். திரும்பி வருவதற்குள், கேக்குக்காக அடித்து வைத்த முட்டை நுரை கிண்ணத்தில் தண்ணீராகக் கிடக்கிறது. இன்னொரு ஆறு முட்டை உடைத்தாக வேண்டும்.

வருஷம் 1993. தொம்மலூரில் அந்தச் சந்துக்கே இருப்பது அவளுடைய ஒரு டெலிபோன்தான். பிறந்தநாள், கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகள் வாங்கும் புதுநன்மை எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே கேக் செய்து தருகிறவள் அவள். ஆர்டர் எடுப்பதற்காக நாலு வருஷம் காத்திருந்து வாங்கிய போன். அது வந்த வாரமே அவள் கணவன் ஓஸ்வால்ட், "அவசரத்துக்கு வச்சுக்குங்க" என்று வீடு வீடாக நம்பரை அள்ளிக் கொடுத்தான். தாராள மனசுக்காரன். அடுத்த மாதமே மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். நல்ல பெயர் அவனுக்கு, ஓட்டம் இவளுக்கு.

இப்போது அந்த நம்பர், பக்கத்தில் பி.பி. என்ற இரண்டெழுத்தோடு, ஊரெல்லாம் திரிகிறது. பி.பி. என்றால் பக்கத்து வீட்டு போன், கூப்பிட்டால் ஆளை அழைத்து வருவார்கள் என்று அர்த்தம். யார் அழைத்து வருவது என்று அதில் போட்டிருக்காது. கோவிந்தப்பாவின் எலெக்ட்ரிக் கடை போர்டில் அந்த நம்பர் இருக்கிறது. பழனிச்சாமி தன் மகளின் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்துவிட்டார். பத்திரிகையைப் பிரித்துப் பார்த்துத்தான் இவளுக்கே தெரியும். "ஒரு வார்த்தை கேட்டாங்களா? இந்தத் தெருவுக்கு என்னை நேர்ந்து வுட்டிருக்காங்களா?"

கோபத்தை அவள் ஒளித்து வைப்பதில்லை. நடக்கும்போதே திட்டிக்கொண்டு நடப்பாள், போன் வந்திருப்பவர் வீட்டு வாசலில் நின்று திட்டி முடிப்பாள். தெருவாசிகளுக்கு அது வசதியாகப் போய்விட்டது. திட்டு கேட்டதும் நமக்குத்தான் போன் என்று அவர்களே எழுந்து வந்துவிடுகிறார்கள். அதில் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. வந்தவர்கள் சும்மா பேசிவிட்டுப் போவார்களா? சேலத்து அக்காவோடு முக்கால் மணி நேரம் பேசும் சீதாலட்சுமி, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கேட்பாள்: "அக்கா, கேக்கு உடைஞ்சது கிடிஞ்சது இருக்கா? புள்ளைக்கு."

ஒரு நாள் வயரைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தாள். போன் ரிப்பேரா என்று சாயங்காலத்துக்குள் ஏழு பேர் விசாரித்துவிட்டார்கள். கோவிந்தப்பா நல்லெண்ணத்தோடு லைன்மேனையே கையோடு கூட்டி வந்தார். "ஸ்வல்ப நோடப்பா, கொஞ்சம் பாருப்பா, பாவம், அக்கா ஒண்டியா கஷ்டப்படுறாங்க." அந்தப் பாவத்தைக் கேட்டு அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி மட்டும் அவளுடையது. அன்று ஓஸ்வால்டுக்கு லீவு. பூத்தில் வரிசையில் நின்று கூப்பிடுவான். ஆனால் மூன்று வெள்ளியாக அந்த நேரத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் அவன் கடிதம் வந்தது. "எப்பப் பண்ணாலும் எங்கேஜ்டு. அப்படி யார்கூடப் பேசுற?" கடிதத்தை அவள் இரண்டாம் தடவை படிக்கவில்லை.

அவள் நெஞ்சில் இருந்தது ஒரே ஒரு வார்த்தை: முடியவில்லை. இந்தத் தெருவில் யாரிடமும் அதைச் சொல்ல முடியாது. சொன்னால் "ஐயோ பாவம்" என்றபடியே போனை எடுத்துச் சுழற்றுவார்கள். அவனிடம்தான் சொல்ல வேண்டும்.

இந்த வெள்ளிக்கிழமை. நாலரைக்கே கதவைத் தாழ் போட்டாள். சீதாலட்சுமி தட்டினாள். "அக்கா, சேலத்துலேருந்து போன் வரும்."

"வரட்டும். நான் செத்துட்டேன்னு நினைச்சுக்க."

ஐந்து பத்துக்குப் போன் அடித்தது. ஓஸ்வால்ட்தான். அந்தக் குரலைக் கேட்டதும் மூன்று வாரக் கோபமும் தொண்டைக்குள் கரைந்து போனது. "ஏங்க," என்று ஆரம்பித்தாள், "என்னால இனிமே..."

"பெர்னா, இரு இரு, லைன் கட்டாயிடும். என் ரூம்ல வைத்தீஸ்வரன்னு ஒருத்தன் இருக்கான். அவங்க அம்மா முருகேஷ்பாளையால ஒண்டியா இருக்காங்க, வீட்ல போன் கிடையாது. நம்ம நம்பரைக் குடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை பண்ணுவான். நீ போய்க் கூட்டியாந்துடு, நடக்கிற தூரந்தானே."

பெர்னதெத் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, போனின் மேல் வைக்காமல், பக்கத்தில் மேஜைமேல் படுக்கப் போட்டாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, அது "பெர்னா, பெர்னா" என்று கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.