இரண்டு பூட்டு போட்ட அறை

கட்டடம் அரசாங்கத்துடையது. உள்ளே இருந்த கருவிகள் ஒரு கம்பெனி அறக்கட்டளை கொடுத்தவை. அதனால் கிராமத்துச் சுகாதார நிலையத்தின் கருவி அறைக்கு மட்டும் இரண்டு பூட்டுகள். ஒரு சாவி காவலுக்கு இருந்த அக்காவிடம். மற்றது கம்பெனி அதிகாரியிடம். வாரத்தில் டாக்டர் வரும் இரண்டு நாட்களில் அவரும் டவுனிலிருந்து வந்து திறப்பார்.

"ரெண்டு மாமியாருக்கு வாக்கப்பட்ட ஒரே மருமக நீதான்டி" என்று அக்காவின் கொத்தனார் கணவர் கேலி செய்வார்.

"ரெண்டு பேரும் சம்பளம் தர்றாங்க. நீங்க தர்றீங்களா?"

சிமெண்ட் தூசி அவருடைய நெஞ்சை அரித்துவிட்டிருந்தது. சிரித்தாலே இருமல் வரும்.

அவளுக்கு முன்பு இருந்த காவலாளி, ஏதோ காணாமல் போனதென்று திருட்டுப் பட்டத்தோடு ஊரை விட்டே போனவர். அந்தப் பயத்தில், கம்பெனிப் பூட்டில் கை வைக்க மாட்டேன் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம், மூச்சு விட முடியாமல் தவித்த கணவரை இரண்டு சித்தாள்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஆக்சிஜன் மெஷின் உள்ளதானே இருக்கு, திறங்கக்கா!" நர்ஸ் கத்தினாள்.

அக்கா தன் பூட்டைத் திறந்தாள். மற்றது தொங்கியது. அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"கிளம்பிட்டேன்மா, இருபது நிமிஷம்."

நர்ஸ் வாசலில் கிடந்த ஒரு செங்கல்லைத் தூக்கினாள். "நகருங்க, உடைக்கிறேன். நான் பொறுப்பு!"

அக்கா கதவின் குறுக்கே கைகளை விரித்து நின்றாள். "வேணாம்மா! எங்களைத் திருட்டுக் குடும்பம்னு சொல்லிடுவாங்க. இருபது நிமிஷம்தானே, தாங்குவாரு. என்னங்க, தாங்குவீங்கல்ல?"

அவர் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "உன் மாமியார்... வரட்டும்..."

அதிகாரியின் வண்டி வாசலில் நின்றபோது, கணவரின் தலை அவள் மடியில் சாய்ந்திருந்தது. அசைவில்லை.

"உடைச்சிருக்கலாமேம்மா!" அதிகாரி விம்மினார். "யாரும்மா உங்களைக் கேட்டிருப்பாங்க?"

கருமாதி முடிந்த மறுநாள் இரண்டு தரப்பும் கூடிப் பேசி, இரண்டு சாவிகளையும் அவளிடமே கொடுத்தார்கள். "உங்களை மாதிரி நேர்மையானவங்க கிடைக்க மாட்டாங்க" என்று ஒருவர் சொன்னார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அந்த அறையை அவள் பூட்டுவதே இல்லை. திறந்த கதவருகே தரையில் உட்கார்ந்திருப்பாள். வாசலில் யாராவது லேசாக இருமினாலும் பதறி எழுந்து ஓடுவாள்.