பதில் சொல்லாத டிஃபெண்டர்

1. கேரளத்துக் கால்பந்து அணி ஒன்றுடன் அவருக்கு இருந்த ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிந்தது.
2. கோவாவில் ஓர் அணி இரண்டு மடங்கு சம்பளம் தருவதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தது.
3. பழைய அணி, "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னது.
4. அவர் யாருக்கும் பதில் சொல்லாமல், தென்காசியில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்து முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

கடையநல்லூர்க்காரர், முப்பத்திரண்டு வயது டிஃபெண்டர். கட்டிலில் படுத்தால் பாதம் இரண்டும் வெளியே நிற்கும். ஏஜென்ட் கூப்பிடும்போதெல்லாம் போனை எடுக்காமல் கவிழ்த்து வைப்பார்.

வியாழக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, இந்தக் கால்முட்டு இன்னும் ரெண்டு சீசன்தான் தாங்கும். நல்ல சம்பளம் வரும்போதே போயிருங்க."

"கால்முட்டு ஆபரேஷன் அன்னைக்கு எங்க டீம் மேனேஜர் நாள் பூரா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாரு மேடம். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போறேன்னு சொல்ல?"

"அந்த மேனேஜரே போன மாசம் வேற டீமுக்குப் போயிட்டாருன்னு நீங்கதானே சொன்னீய!"

"அவரு போனா நானும் போவணுமா? நல்லா இருக்கே உங்க நியாயம்!"

வெள்ளிக்கிழமை அவர் போனை வீட்டில் வைத்துவிட்டுக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார். சனிக்கிழமை கோவா அணி வேறொருவரை எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் பழைய அணி புது சீசனுக்கு வெளியிட்ட வீரர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

"பாத்தீயளா அண்ணே?" என்றேன்.

"நான் விட்டுட்டு வரலைல்லா மேடம்" என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில் பாதி எதனால் வந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

சீசன் தொடங்கிவிட்டது. முழங்கால் முழுவதும் குணமாகிவிட்டது. அவருக்கு அணி இல்லை.